வாசகர் கேள்வி பதில்: ஸ்டெம் செல்லில் எதைச் சுத்தம் செய்கிறார்கள்?

சென்ற இதழில் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனை பார்க்கின்சன் நோயாளிகள் ஏழு பேருக்கு மூளையில் செல் பொருத்திய சோதனையைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் “செல்களைப் பிரித்துச் சுத்தம் செய்த பிறகே பொருத்தினார்கள்” என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ரொம்ப மகிழ்ச்சி. ஆய்வுக்கூடத்தில் என் அன்றாட வேலையே செல் வளர்ப்பும் இந்தச் சுத்தமும்தான். இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

என் கணவருக்கு மாரடைப்பு வந்ததிலிருந்து இதயம் பலவீனமாக இருக்கிறது. ஸ்டெம் செல்லிலிருந்து இதயத் தசை வளர்க்கலாம் என்கிறார்கள். கிருமி இல்லாத இடத்தில்தானே வளர்க்கிறார்கள், அப்புறம் சுத்தம் செய்ய அதில் என்ன இருக்கிறது? அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரியா? (தெம்பனிஸ் வாசகி)

கல் பொறுக்குவது போலத்தான் அம்மா, ஆனால் அரிசியில் தப்பிய கல் பல்லில் கடிபடும், அதோடு சரி. இங்கே தப்பிய செல் உடம்புக்குள் போய்ப் பெருகும்.

கொஞ்சம் விளக்குகிறேன். மனிதக் கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை 1998-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்ஸன் தொடர்ந்து வளர்த்துக் காட்டினார். தோல் செல்லையே பழைய நிலைக்குத் திருப்பி ஸ்டெம் செல்லாக்கும் வழியை ஷின்யா யாமானாக்கா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதச் செல்லிலும் கண்டுபிடித்தார், 2012-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இரண்டு வகையுமே எந்தச் செல்லாகவும் மாறக்கூடியவை, விடாமல் பெருகக்கூடியவை. இவற்றை இதயத் தசையாக மாற்றச் சில வாரங்கள் வெவ்வேறு மருந்துகளை வரிசையாகக் கொடுத்துப் பழக்குகிறோம். பெரும்பாலானவை மாறும். சில மாறாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்த மாறாத செல் நோயாளியின் உடம்புக்குள் போனால் அதன் போக்கில் பெருகி டெரட்டோமா என்ற கட்டியாகலாம். அந்தக் கட்டிக்குள் குருத்தெலும்பு, முடி, பல் என்று எல்லாம் கலந்து கிடக்கும். எலிக்குள் ஊசியாகப் போட்டு இந்தக் கட்டி வருகிறதா என்று பார்ப்பதுதான், கையில் இருப்பது உண்மையான ஸ்டெம் செல்லா என்று சோதிக்கும் பழைய முறையே.

கணக்கைப் பாருங்கள். பெரிய மாரடைப்பில் சுமார் 100 கோடி இதயத் தசைச் செல்கள் சாகின்றன. அவ்வளவையும் ஈடுகட்ட 100 கோடி செல்லைச் செலுத்துகிறோம், அதில் 99.9 சதவீதம் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. மீதி 0.1 சதவீதம் என்றால் 10 லட்சம் செல்! சதவீதத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது, மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

மாறாத செல் மட்டுமல்ல, தப்பாக மாறிய செல்லும் கலப்புதான். இதயத் தசை வேண்டும் என்று வளர்த்தால் கூடவே நார்த் திசுச் செல்லும் வரும், தன் பாட்டுக்குத் துடிக்கும் செல்லும் வரும். இப்படி வளர்த்த இதயச் செல்லை 2014-இல் குரங்குகளுக்குப் பொருத்தியபோது செல்கள் இதயத்தோடு ஒட்டிக்கொண்டன, ஆனால் துடிப்பு ஒழுங்கு தவறியது. இது இன்னும் சோதனைக் கட்டத்தில் இருப்பதால், உங்கள் கணவர் மருந்தையும் மருத்துவர் சந்திப்பையும் விடாமல் இருக்கட்டும்.

தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன். கோடிக்கணக்கான செல்களில் கெட்டதை மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எந்த முறை சிறந்தது? (ஈசூன் மாணவர்)

நல்ல கேள்வி தம்பி. இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் கையால் செய்வது. ஸ்டெம் செல் தட்டை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால் நல்ல கூட்டம் நெருக்கமாக, விளிம்பு கத்தரித்தது மாதிரி பளிச்சென்று தெரியும். ஒரு மூலையில் செல்கள் தட்டையாகிப் பரந்து, விளிம்பு மங்கி, நடுவில் பழுப்பாக மேடு தட்டியிருந்தால் அங்கே ஸ்டெம் செல் தானாகவே வேறு ஏதோவாக மாற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பிப்பெட் நுனியால் அந்த இடத்தை மட்டும் சுரண்டி, மிதக்கும் துணுக்கை உறிஞ்சி எடுத்துவிடுவோம். கை நடுங்கினால் பக்கத்துக் கூட்டமும் போய்விடும். இந்தச் செல்கள் ஞாயிறு, தீபாவளி எதுவும் பார்க்காது, தினமும் மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்) மாற்றியே ஆக வேண்டும், அதனால் எங்களில் யாராவது ஒருவர் பண்டிகைக் காலையிலும் ஆய்வுக்கூடம் இருக்கும் பயோபொலிஸ் பக்கம் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். இந்தக் கட்டத்தில் மாறியதை எடுக்கிறோம், மாறாததை வைத்துக்கொள்கிறோம். சிகிச்சைக்குத் தயார் செய்யும்போது எல்லாம் தலைகீழ்: மாறியது வேண்டும், மாறாதது போக வேண்டும். அங்கே கண்ணும் கையும் பத்தாது.

அப்போது லேசர் வருகிறது. ஒவ்வொரு வகைச் செல்லின் மேல்பரப்பிலும் அதற்கே உரிய புரதங்கள் துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடி என்ற இன்னொரு புரதத்தில் ஒளிரும் சாயத்தைக் கோத்து விடுகிறோம். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசரைக் கடக்கும்போது எது ஒளிர்கிறது என்று கருவி பார்த்து, அந்தச் செல் இருக்கும் நீர்த்துளிக்கு மின்னூட்டம் கொடுத்து ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். கியோட்டோ குழு இதைத்தான் செய்தது. கோரின் என்ற புரதம் உள்ள செல்லைத்தான் பார்க்கின்சனில் அழிந்துபோகும் டோபமின் நரம்புச் செல்லாகப்போகும் செல் என்று பிரித்து எடுத்தார்கள். ஏழு பேரையும் இரண்டு ஆண்டு கவனித்து 2025-இல் வெளியிட்ட முடிவில், யாருக்கும் கட்டி வரவில்லை என்பதைத்தான் நான் முதலில் தேடிப் படித்தேன். இந்த முறையின் சிக்கல் நேரம். வினாடிக்கு 10,000 செல் பிரித்தாலும் 100 கோடிக்கு 1 லட்சம் வினாடி ஆகும், ஒரு நாளைத் தாண்டிவிடும், அதற்குள் செல்கள் வாடிவிடும். மூளைக்குக் கொஞ்சம் செல் போதும் என்பதால் அங்கே சரிப்பட்டு வந்தது, இதயத்துக்கு இது ஒத்துவராது.

அவசரத்துக்குக் காந்தம் உண்டு. சாயத்துக்குப் பதிலாக ஆன்டிபாடியில் மிகச் சின்ன இரும்புத் துகளைக் கோத்து, காந்தத்துக்கு நடுவே உள்ள குழாய் வழியாக ஊற்றினால் துகள் ஒட்டிய செல் தங்கிவிடும், மற்றது ஓடிவிடும். வேகம் அதிகம், துல்லியம் கொஞ்சம் குறைவு.

மூன்றாவது வழி, கெட்டதைத் தேடிப் பிரிக்காமல் தட்டிலேயே கொன்றுவிடுவது. இதில் நம் ஊர்க்காரர்களின் பங்கைச் சொல்லியே ஆக வேண்டும். சிங்கப்பூர் அரசின் ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் உயிர்ச்செயலாக்கத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆண்ட்ரே சூ குழு 2008-இல் எம்ஏபி 84 என்ற ஆன்டிபாடியை வெளியிட்டது. மாறாத ஸ்டெம் செல்லின் மேல் இருக்கும் போடோகேலிக்சின் வகைப் புரதத்தில் அது ஒட்டிக்கொண்டு, செல்லின் சவ்வில் ஓட்டை போட்டுக் கொன்றுவிடுகிறது. மாறி முடித்த செல்லை ஒன்றும் செய்வதில்லை. அப்படிச் சுத்தம் செய்த செல்லை எலிக்குப் போட்டபோது கட்டி வரவில்லை. அப்புறம் 2013-இல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகக் குழு 50,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைச் சலித்துப் பார்த்து, ஓலிக் அமிலம் தயாரிக்கும் ஒரு நொதியைத் தடுத்தால் மாறாத ஸ்டெம் செல் செத்துப்போகிறது என்று கண்டது.

எந்த முறை சிறந்தது என்று கேட்டாய். எனக்கு மிகவும் பிடித்தது தோக்கியோ கெய்யோ பல்கலைக்கழகம் அதே 2013-இல் காட்டியது. இதயத் தசைக்கு லாக்டேட்டை (சர்க்கரை உடையும்போது கிடைக்கும் பொருள்) எரித்துப் பிழைக்கத் தெரியும், மாறாத ஸ்டெம் செல்லுக்குக் குளுகோஸ் இல்லாமல் முடியாது. எனவே மீடியத்திலிருந்து குளுகோஸை எடுத்துவிட்டு லாக்டேட்டை மட்டும் கொடுத்தார்கள். சில நாளில் மற்றதெல்லாம் பட்டினியில் செத்து, 99 சதவீதம் வரை இதயச் செல்லே மிஞ்சியது. பிறகு கழுவி நீக்க வேண்டிய ஆன்டிபாடியோ மருந்தோ எதுவும் சேர்க்கவில்லை, லேசர் கருவியும் தேவையில்லை, தட்டு எவ்வளவு பெரிதானாலும் செய்யலாம். ஆனால் இது இதயச் செல்லுக்கான வழி. எல்லா உறுப்புக்கும் ஒரே முறை இல்லை, நடைமுறையில் இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் செய்வார்கள்.

இன்னொன்றும் குறித்துக்கொள். சுத்தமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? லேசர் கருவியால் எண்ணினால் ஆயிரத்தில் ஒன்று வரைதான் தெரியும். விழித்திரைச் செல்லை வைத்து ஜப்பானில் 2012-இல் செய்த ஆய்வில், மாறாத ஸ்டெம் செல்லில் வேலை செய்யும் லின்28 என்ற மரபணுவின் தடயத்தைத் தேடினால் லட்சத்தில் இரண்டு வரை பிடிக்கலாம் என்று காட்டினார்கள். அதையும் 100 கோடியோடு பெருக்கிப் பார், 20,000 வரும். கருவியில் தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. ஒரே ஒரு செல் என்ன செய்யும் என்பதற்கு 2018-இல் அமெரிக்காவில் பதிவான ஒரு சம்பவம் இருக்கிறது. இது ஸ்டெம் செல் சிகிச்சை அல்ல, இரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சை. நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்லை வெளியே எடுத்து மரபணு சேர்க்கும்போது, கூடவே ஒரே ஒரு புற்றுநோய்ச் செல் கலந்து அதற்கும் அந்த மரபணு ஏறிவிட்டது. அதனால் அது சிகிச்சையின் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டு பெருகியது. நோயாளி இறந்துபோனார்.

ஸ்டெம் செல் வளர்ப்பில் பன்றி, மாட்டுப் பொருள்கள் சேர்கின்றன என்று கேள்விப்பட்டேன். உண்மையா? முஸ்லிமான எனக்கு இது முக்கியம். (கேலாங் செராய் வாசகர்)

உண்மைதான் சகோதரரே. தட்டிலிருந்து செல்லைப் பிரித்தெடுக்கும் டிரிப்சின் என்ற நொதியைப் பல காலமாகப் பன்றியின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். வளர்ப்புக்கு மாட்டுக் கன்றுச் சீரம், அடியில் மெத்தையாக எலிச் செல். சமயம் ஒரு பக்கம் இருக்கட்டும், மருத்துவக் காரணத்துக்காகவும் இவற்றை நீக்கப் பெரிய முயற்சி நடந்திருக்கிறது. எலிச் செல்லின் மேல் வளர்ந்த மனித ஸ்டெம் செல், மனித உடம்பு உற்பத்தி செய்யாத ஒரு சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்கிறது என்று 2005-இல் தெரிந்தது. நம் இரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி ஏற்கெனவே இருப்பதால் உடம்பு அந்தச் செல்லைத் தாக்கக்கூடும்.

இதிலும் சிங்கப்பூருக்குப் பங்கு உண்டு. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆரிஃப் போங்சோ குழு 1994-லேயே மனிதக் கருவின் உள் செல்களைப் பிரித்து வளர்த்தது, அதாவது தாம்ஸனுக்கு நான்கு ஆண்டு முன்னால். பிறகு 2002-இல் எலிச் செல்லுக்குப் பதிலாக மனிதச் செல்லையே மெத்தையாக வைத்து வளர்த்துக் காட்டினார்கள். இன்று செல்லே இல்லாமல் புரதம் பூசிய தட்டும், விலங்கிலிருந்து எடுக்காத நொதியும் கடையில் வாங்கலாம், சிகிச்சைக்கான செல்லை வளர்ப்பவர்கள் முடிந்தவரை இவற்றையே பயன்படுத்துகிறார்கள். சிகிச்சை எடுக்கும் நிலை வந்தால் “வளர்ப்பில் விலங்குப் பொருள் எதுவும் சேர்ந்ததா?” என்று எழுத்தில் கேளுங்கள், பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. மார்க்கத் தீர்ப்புக்கு முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) அமைப்பைக் கேட்பதுதான் முறை.

வளர்ப்பில் கிருமி நுழைந்தால் ஆன்டிபயாட்டிக் போட்டால் போதாதா? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

போதாது. சாதாரண பாக்டீரியா வந்தால் மீடியம் கலங்கிப்போய் மறுநாளே தெரிந்துவிடும், தட்டைத் தூக்கிப் போடலாம். எங்களுக்குப் பயம் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சின்ன பாக்டீரியாதான். அதற்குச் செல்சுவர் கிடையாது, பென்சிலின் தாக்குவதே செல்சுவரைத்தான் என்பதால் அது இதை ஒன்றும் செய்யாது. கிருமி வடிகட்டியின் துளையிலும் நுழைந்து போகும், மீடியத்தைக் கலங்கவும் விடாது. மாதக்கணக்கில் கூடவே இருந்து செல்லின் குணத்தை மாற்றிவிடும். பல நேரம் அது வருவதே வேலை செய்பவரின் வாயிலிருந்துதான், அதனால்தான் முகக்கவசம், அதனால்தான் தட்டு திறந்திருக்கும்போது பேசக்கூடாது என்ற கட்டாயம். பிசிஆர் சோதனையை அடிக்கடி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆன்டிபயாட்டிக்கை எந்நேரமும் ஊற்றிவைத்தால் கிருமி சாகாமல் மறைந்திருக்கும், அது இன்னும் மோசம்.

அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் தேய்மானம். மாமா வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டுவந்து நன்றாக நடக்கிறார். “100 சதவீதம் தூய ஸ்டெம் செல், 10 கோடி செல்” என்று அங்கே விளம்பரம். 12,000 வெள்ளி கேட்கிறார்கள். அனுப்பலாமா? (செங்காங் வாசகி)

அனுப்ப வேண்டாம், சகோதரி.

முதலில் அந்த 100 சதவீதம். மூட்டுக்குப் போடும் இந்த வகைச் செல்லுக்கு, அதாவது எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பிலும் கிடைக்கும் மெசன்கைமல் செல்லுக்கு, சர்வதேச செல் சிகிச்சைச் சங்கம் 2006-இல் ஒரு குறைந்தபட்ச அளவுகோல் வகுத்தது. மூன்று குறிப்பிட்ட புரதங்கள் 95 சதவீதச் செல்லிலாவது இருக்க வேண்டும், இருக்கக்கூடாத இரத்தச் செல் அடையாளங்கள் 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. துறையின் அளவுகோலே 95-இல் நிற்கும்போது, தாளில் எந்த ஆதாரமும் காட்டாமல் 100 என்று விளம்பரப்படுத்துபவரிடம் அப்பாவின் முழங்காலை ஒப்படைக்காதீர்கள்.

அந்த இடத்தில் கேட்க வேண்டியது ஒரு தாள்: ஊசியில் போகும் அந்தத் தொகுதிக்கான பகுப்பாய்வுச் சான்றிதழ். எத்தனை செல் உயிரோடு இருக்கிறது, என்ன அடையாளங்களைச் சோதித்தார்கள், கிருமி, மைக்கோபிளாஸ்மா, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) முடிவு என்ன, குரோமோசோம் சரியாக இருக்கிறதா. கடைசியாகச் சொன்னது முக்கியம், ஏனென்றால் ரொம்ப நாள் வளர்த்த செல்லில் மரபணு மாற்றம் ஏற்பட்டு, வேகமாகப் பெருகும் செல் மற்றதை ஓரங்கட்டிவிடும். கோபேயில் 2014-இல் ஒரு பெண்மணிக்கு முதன்முதலாகத் தன் செல்லிலிருந்தே விழித்திரைச் செல் செய்து பொருத்திய குழு, இரண்டாவது நோயாளியின் செல்லில் மரபணு மாற்றம் இருப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பொருத்தாமல் நிறுத்திவிட்டது. அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். சான்றிதழைக் கேட்டால் மழுப்புகிறவர்கள் இப்படி நிறுத்துவார்கள் என்று எதை வைத்து நம்புவது?

ஆபத்து வெறும் பேச்சல்ல. அபூர்வ நரம்பு நோய் இருந்த ஓர் இஸ்ரேலியச் சிறுவனை மாஸ்கோவுக்கு அழைத்துப் போய் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பு ஸ்டெம் செல் செலுத்தினார்கள். சில ஆண்டில் அங்கேயே கட்டி வந்தது. அதைச் சோதித்தால் அவை அவன் செல்லே இல்லை, குறைந்தது இரண்டு கொடையாளிகளின் செல். இது 2009-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லைக் கண்ணுக்குள் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வை இழந்ததை 2017-இல் பதிவு செய்தார்கள்.

மாமா நடக்கிறார் என்பது எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் முழங்கால் வலி தானே ஏறி இறங்கும், எந்த ஊசி போட்டாலும் சில மாதம் குறையும், வெறும் உப்புநீர் போட்டவர்களுக்கும் குறைந்ததாகப் பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2021 மார்ச் 1 முதல் செல், திசு, மரபணு சிகிச்சைப் பொருள்கள் சுகாதாரப் பொருள்கள் சட்டத்தின்கீழ் வந்துவிட்டன, சுகாதார அறிவியல் ஆணையம்தான் கண்காணிக்கிறது. அதனால்தான் இங்கே தெருவுக்குத் தெரு அந்த ஊசி கிடைப்பதில்லை. அப்பாவைப் பலதுறை மருந்தகத்தில் காட்டி எலும்பு மருத்துவருக்குக் கடிதம் வாங்குங்கள். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுப்பார், அது சலிப்பாக இருந்தாலும் பலன் தரும். 12,000 வெள்ளி கையில் இருக்கட்டும்.

இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது. தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிக்கலாமா? அதிலும் இந்தக் கட்டி ஆபத்து உண்டா? (பொங்கோல் வாசகி)

வாழ்த்துகள்! கட்டிப் பயம் வேண்டாம். அதில் இருப்பது இரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல், அது எல்லாச் செல்லாகவும் மாறாது. 2005-இல் தொடங்கிய சிங்கப்பூர் தொப்புள்கொடி இரத்த வங்கி பொது வங்கி, அங்கே கொடுத்தால் பொருந்தும் எந்த நோயாளிக்கும் போகும். இந்திய வம்சாவளிக் கொடையாளர்கள் உலகப் பதிவேடுகளில் குறைவு என்பதால் நம்மவர்கள் கொடுப்பது பெரிய உதவி. தனியார் வங்கியில் சேமிப்பதானால் வீட்டில் இரத்த நோய் இருக்கிறதா என்று முதலில் மருத்துவரிடம் பேசுங்கள், சேமிப்புத் தொட்டியின் வெப்பநிலையை யார் கண்காணிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். 2023-இல் இங்கேயே ஒரு வங்கியில் தொட்டி வெப்பநிலை ஏறிப்போய் எத்தனை பெற்றோர் மனமுடைந்தார்கள் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

எனக்கு 15 வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஸ்டெம் செல்லால் இன்சுலினை விட்டுவிடலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

உங்களுக்கு இருப்பது அநேகமாக இரண்டாம் வகை. 2025-இல் வெளிவந்த செய்தி முதல் வகைக்கானது: ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த, இன்சுலின் சுரக்கும் கணையத் தீவுச் செல்லை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். அற்புதமான முடிவுதான். ஆனால் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும், அதனால் சர்க்கரை ரொம்பவும் தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்தில் இருந்தவர்களுக்கே கொடுத்தார்கள். நீங்கள் இன்சுலினை நிறுத்த வேண்டாம் ஐயா.

ஸ்டெம் செல் க்ரீம் முகத்துக்கு நல்லதா? (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

உயிருள்ள செல் புட்டிக்குள் க்ரீமோடு இருக்க முடியாது. மனிதச் செல்லை அழகுப்பொருளில் சேர்க்க ஆசியான் விதியும் தடை செய்கிறது. “ஆப்பிள் ஸ்டெம் செல்” என்று போட்டிருந்தால் அது செடிச் சாறு. நம் ஊர் வெயிலுக்கு ஒரு நல்ல சன்ஸ்கிரீன் வாங்கிக்கொள்ளுங்கள்.